யூஃபோர்பியா இலை கொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

மொட்டை மாடியில் யூஃபோர்பியா மிலி என்ற முள் பூச்செடி காய்ந்து சாவது அபூர்வம். பெரும்பாலும் அழுகித்தான் சாகிறது. இலை மஞ்சளாகிக் கொட்டியதும் தாகம் என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுகிறோம். வேர் அழுக ஆரம்பித்திருந்தால் அதோடு செடி முடிந்தது.

இலை கொட்ட நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு: வறட்சி, இல்லையென்றால் மிதமிஞ்சிய ஈரம். எது என்று கண்டுபிடிக்க, முள்ளுக்கு இடையே விரலை விட்டு மண்ணை ஒட்டிய அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து, மண்ணும் இரண்டு அங்குல ஆழம்வரை வறண்டிருந்தால் தண்ணீர் தேவை. மெத்தென்று அமுங்கி, பழுப்போ கறுப்போ ஏறியிருந்தால் அழுகல். அடித்தண்டு மட்டும் மொட்டையாக இருந்தால் கவலை வேண்டாம். இந்தச் செடி நுனியில்தான் இலை வைத்துக்கொள்ளும்.

இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். பாறை இடுக்கில் வளரும் செடிக்கு வடியும் மண்தான் உயிர். நர்சரிப் பையில் வரும் களிமண்ணையோ தேங்காய் நார்க் கழிவையோ வேரைச் சுற்றி அப்படியே விட்டுவிடாதீர்கள், உதிர்த்துவிட்டு நடுங்கள். கரடுமுரடான மணல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. எம்-சாண்ட் என்றால் சலித்துக் கழுவி, மாவு போன்ற தூசியை நீக்கிய பிறகே கலக்க வேண்டும். அந்தத் தூசி நாளடைவில் இறுகிப்போய்த் தண்ணீரைத் தேக்கும். முதல் தொட்டிக்கு 8 அங்குலம் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம்.

வெயில் தினமும் 5 மணி நேரமாவது படவேண்டும். நிழலில் செடி உயிரோடு இருக்கும், பூக்காது. சிறிய பூ வரும் பழைய ரகம் மே மாத வெயிலையும் தாங்கும். பெரிய பூ வரும் தாய்லாந்துக் கலப்பினங்களுக்கு அந்த மாதத்தில் மதிய நேரம் மட்டும் பச்சை வலை கட்டுங்கள். (தாய்லாந்தில் ஒரே கொத்தில் எட்டுப் பூ வந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள்.) பூவை உற்றுப் பாருங்கள்: சிவப்பாக விரிந்திருக்கும் இரண்டும் இதழ்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். நிஜப் பூ நடுவில் மிளகு அளவில் இருக்கிறது. அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

பூக்கொத்து புதுத் தளிரில்தான் வரும். நெடுநெடுவென ஒற்றைக் கொம்பாக வளர்ந்த செடியை பிப்ரவரி–மார்ச்சில் துணிந்து கவாத்து செய்யுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடிக்கும். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலைதான் பெருக்கும். எலும்புத் தூள் ஒரு தேக்கரண்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

வெட்டும்போது வடியும் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை, கண்ணாடி இரண்டும் அவசியம். கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வெட்டிய நுனிகளை வீணாக்க வேண்டாம். 10 செ.மீ. துண்டின் வெட்டுவாயைக் குளிர்ந்த நீரில் முக்கினால் பால் நிற்கும். நிழலில் 4, 5 நாள் கிடத்தி, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு மணலில் 3 செ.மீ. ஆழம் ஊன்றுங்கள். ஈரத்தோடு ஊன்றினால் அடியிலிருந்தே அழுகும். அழுகிய செடியைக் காப்பாற்றவும் இதே வழிதான்: உள்ளே துளி பழுப்பும் தெரியாத இடம்வரை வெட்டிக்கொண்டே போய், மிஞ்சிய நுனியைக் காயவைத்து நடுவது.

மாவுப்பூச்சி வந்தால் எல்லாரும் சொல்லும் சோப்புக் கரைசலை இதற்கு அடிக்காதீர்கள். சோப்பு ஒத்துக்கொள்ளாத செடிகளில் இதுவும் ஒன்று. இலை கருகிக் கொட்டும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இலைக் காம்புகளின் இடுக்கில் ஒற்றி எடுங்கள்.

வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை. அக்டோபரில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிட்டு, மேல்மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். மழை ஓய்ந்ததும் ஒரேயடியாக உச்சி வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிப் பிறகு பழைய இடத்துக்கு மாற்றுங்கள்.