1.1.1.3 போட்ட பிறகும் தளம் திறக்கிறதா?

பிள்ளைகள் கைக்கு போன் போனதும் பெற்றோர் முதலில் தேடுவது ஏதாவது ஒரு ஆப். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை வீட்டு ரவுட்டரில் இருக்கிறது: ஆபாசத் தளங்களைத் தடுக்கும் 1.1.1.3 என்ற டிஎன்எஸ் எண்ணை அதில் போடுவது. காசு செலவில்லை, பத்து நிமிடம் போதும். ஆனால் அரைகுறையாகச் செய்தால், வடிகட்டி இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். அந்த ஓட்டைகள் எங்கே விழுகின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும், அது இணையத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் ஐபி எண்ணைப் போன் முதலில் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரான 1.1.1.3, ஆபாசத் தளத்தையோ வைரஸ் பரப்பும் தளத்தையோ கேட்டால் 0.0.0.0 என்று பதில் கொடுத்துவிடும். தளம் திறக்காது. ‘தடுக்கப்பட்டது’ என்ற அறிவிப்பெல்லாம் வராது, நெட் போன மாதிரிதான் தெரியும். எண்ணில் கவனமாக இருங்கள்: 1.1.1.1 எதையும் தடுக்காது, 1.1.1.2 வைரஸ் தளங்களை மட்டும் தடுக்கும்.

பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் பல ரவுட்டர்களின் செட்டிங் பக்கம் வரும், ஜியோஃபைபரில் 192.168.29.1. லேன் (வீட்டு நெட்வொர்க்) பகுதிக்குள் டிஹெச்சிபி சர்வர் என்று இருக்கும், வீட்டுச் சாதனங்களுக்கு எண்களைக் கொடுப்பது அதுதான். பிரைமரி டிஎன்எஸ்ஸில் 1.1.1.3, செகண்டரியில் 1.0.0.3 போட்டு சேவ் செய்யுங்கள். பிறகு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மறுபடி வைஃபையில் சேரும்போதுதான் போன்கள் புதிய எண்ணை வாங்கும். அப்படியே அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பழையது ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், பிள்ளைகளுக்கு அது தெரியும்.

முதல் ஓட்டை செகண்டரி பெட்டி. ‘ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும்’ என்று அங்கே கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போட்டுவிடுகிறார்கள். செகண்டரி என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதல் சர்வர் நன்றாக ஓடும்போதே சாதனங்கள் இரண்டாவதையும் கேட்கும். 8.8.8.8 எதையும் தடுக்காது. அதனால் ஒரே தளம் ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. இரண்டு பெட்டியிலும் ஒரே நிறுவனத்தின் வடிகட்டும் எண்கள்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை ஐபிவி6. ஆளை அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஐபி எண்களில் பழைய வகை ஐபிவி4, புதிய வகை ஐபிவி6. நீங்கள் மேலே மாற்றியது ஐபிவி4-க்கான டிஎன்எஸ்ஸை மட்டும். இணைப்பில் ஐபிவி6-ம் ஓடினால், நெட் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸை ரவுட்டர் அந்த வழியாகத் தனியாக அறிவித்துக்கொண்டிருக்கும். போன் அதைக் கேட்டால் 1.1.1.3 பக்கமே போகாது. ரவுட்டரில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், தளம் திறந்துகொண்டே இருக்கும். லேன் பகுதியிலேயே ஐபிவி6-க்கான டிஎன்எஸ் பெட்டியைத் தேடி, 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 இரண்டையும் போடுங்கள். அந்தப் பெட்டியே இல்லையென்றால் ஐபிவி6-ஐ அணைத்துவிடலாம். வீட்டு உபயோகத்துக்குப் பெரிய இழப்பில்லை. நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றவே வழியில்லாமல் பூட்டியிருந்தால், சொந்த ரவுட்டர் ஒன்றைக் கேபிளில் இணைத்து, பழையதன் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால் பிள்ளைகள் அந்த வைஃபையிலேயே இருப்பார்கள்.

சோதிப்பதற்கு உண்மையான ஆபாசத் தளத்தைத் திறக்கத் தேவையில்லை. கிளவுட்ஃப்ளேர் இதற்கென்றே நியூடிட்டி.டெஸ்ட்கேட்டகரி.காம் (nudity.testcategory.com) என்ற முகவரியை வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள், திறக்கக் கூடாது. உங்கள் போனில் பார்த்தால் போதாது. பிள்ளையின் போன், டேப், ஹால் டிவி எல்லாவற்றிலும் பாருங்கள். பிள்ளையின் போனில் மட்டும் திறந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள்: குரோம் செட்டிங்கில் ‘செக்யூர் டிஎன்எஸ்’, ஆண்ட்ராய்டு நெட்வொர்க் செட்டிங்கில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’. இவற்றில் வேறு சர்வரைத் தேர்ந்தெடுத்திருந்தால் ரவுட்டரின் பேச்சு எடுபடாது.

அதே பிரைவேட் டிஎன்எஸ் நமக்கும் உதவும். ரவுட்டரின் வடிகட்டி வீட்டு வைஃபையோடு சரி, மொபைல் டேட்டாவில் கிடையாது. பிரைவேட் டிஎன்எஸ்ஸில் கிளவுட்ஃப்ளேரின் ஃபேமிலி முகவரியை (family.cloudflare-dns.com) கொடுத்தால் சிம் நெட்டிலும் தடுக்கும். அங்கே எண் ஏற்காது, எழுத்து முகவரிதான் வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் போனில் நெட்டே வராது.

டிஎன்எஸ்ஸுக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும், அதற்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது. யூடியூப், இன்ஸ்டாகிராமுக்குள் வருவதை 1.1.1.3-ஆல் பிரித்துப் பார்க்க முடியாது. யூடியூப்புக்கு, கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பான ஃபேமிலி லிங்கில் பிள்ளையின் கணக்கைச் சேர்த்து, 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல் என்ற நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கட்டுப்பாடு கணக்கோடு போவது. ஹால் டிவியில் அப்பாவின் கணக்கு திறந்தே கிடந்தால் பயனில்லை. கூகுள் தேடலையும் பாதுகாப்பு முறையில் பூட்ட வேண்டுமென்றால் 1.1.1.3-க்குப் பதில் க்ளீன்பிரௌசிங் என்ற இன்னொரு டிஎன்எஸ் சேவையின் ஃபேமிலி எண்களைப் போடுங்கள்: 185.228.168.168, 185.228.169.168. வடிகட்டியைச் சுற்றிப் போக உதவும் விபிஎன், பிராக்ஸி தளங்களையும் இது தடுக்கும். ரெடிட்டும் சேர்ந்தே போய்விடும். பத்து வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இரவு பத்து மணிக்கு மேல் நெட் வேண்டாம் என்று ரவுட்டரில் நேரம் வைப்பவர்கள் கவனிக்க: ரவுட்டர் போனை அதன் மேக் எண்ணை (சாதனத்தின் வைஃபை அடையாள எண்) வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. போன் தன் மேக் எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்ட முடியும், அப்போது நீங்கள் வைத்த நேரம் அதற்குப் பொருந்தாது. வைஃபை செட்டிங்கில் ஆண்ட்ராய்டில் ‘டிவைஸ் மேக்’ என்று வையுங்கள், ஐபோனில் ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ஸை அணையுங்கள்.

பள்ளிப் பாடத்துக்கான தளம் ஒன்று மாட்டிக்கொண்டால், 1.1.1.3-இல் அதை மட்டும் விடுவிக்க வழியில்லை. அதற்காக வடிகட்டியையே எடுத்துவிடாதீர்கள். நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்ற டிஎன்எஸ் சேவையில் கணக்கு தொடங்கினால் தளம் தளமாக அனுமதிக்கலாம். இலவசக் கணக்கில் மாதம் 3,00,000 கேள்விகள் வரைதான் (சாதனங்கள் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி). அதைத் தாண்டினால் நெட் நிற்காது, வடிகட்டுவது மட்டும் நின்றுவிடும். டிவியும் நான்கைந்து போனும் உள்ள வீட்டில் மாதக் கடைசியில் அந்தக் கணக்கைத் திறந்து எண்ணிக்கையைப் பாருங்கள்.