மும்பைக் கடலோரக் கிராமங்களில் ஃபயர் இன்ஜினைப் படம் பிடிக்க

வண்டி மட்டும் போதும் என்றால் பைக்கலாவோடு நிறுத்திக்கொள்ளலாம். மும்பைத் தீயணைப்புப் படையின் தலைமையகமே அங்கேதான் இருக்கிறது. மட், மனோரி, கோராய் என்று அலைவது, சிவப்பு வண்டியும் கடலும் பொம்பில் மீன் (பாம்பே டக்) காயும் மூங்கில் பந்தலும் ஒரே படத்தில் விழும் என்பதற்காக. அதற்காகச் சாயங்காலம் கிளம்புவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. இந்தக் கரை மேற்கு பார்த்தது. பின்னால் கடல் தெரிய எடுத்தால் சூரியன் லென்ஸுக்கு நேர் எதிரே நிற்கும். வானம் பொன்னாக, வண்டி கரிக்கட்டையாக வரும். கடல் பின்னணி வேண்டுமா, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். வெயில் உங்கள் முதுகில் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் காலை மூட்டம் கடலை வெள்ளைத் துணியாக்கிவிடும். மழை ஓய்ந்த அக்டோபர்தான் எங்கள் கணக்கில் நல்ல மாதம்.

சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும் என்றால் நீங்கள் இடம் மாறுங்கள். கடல் பக்கம் இறங்கி, ஊரைப் பின்னணியாக வைத்து எடுக்க வேண்டும். அதற்கு நிற்க ஈர மணல் வேண்டும், அதாவது கடல் உள்வாங்கும் வற்றம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெரிய ஏற்றம் நண்பகல் வாக்கில் வரும். தண்ணீர் சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு நன்றாக உள்வாங்கும். அடுத்தடுத்த நாட்களில் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தேதியை முடிவு செய்யும் முன் டைடு அட்டவணையைப் பார்ப்பது இதனால்தான்.

வண்டியை மணலில் இறக்கச் சொல்லி டிரைவரிடம் கேட்காதீர்கள். 4,000 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே நாலு டன். சக்கரம் புதைந்தால் அந்த ஊருக்கு அன்றைக்கு வண்டி இல்லை. தார் ரோடோ சிமென்ட் சரிவோ முடியும் இடத்தில் நிற்கும் வண்டியே போதும். மார்வேயிலிருந்து மனோரிக்கு நாம் படகில் சில நிமிடத்தில் போய்விடலாம். இன்ஜின் பாயந்தர், உத்தன் என்று சுற்றித்தான் வரும். ஆகவே அங்கே வண்டி வந்து நிற்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இடக் கணக்கு இது. எட்டு மீட்டர் வண்டியைப் பக்கவாட்டில், இரு பக்கமும் ஒரு மீட்டர் விட்டு எடுக்க, ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு 14 மீட்டர் பின்னால் போக வேண்டும். 35 மி.மீ. என்றால் பத்து. கோளிவாடா (மீனவர் குடியிருப்பு) சந்தில் பத்து மீட்டருக்கு எங்கே போவது? பக்கவாட்டை விட்டுவிட்டு முன்பக்க மூலையிலிருந்து எடுங்கள். ஃபோனின் அகல லென்ஸோடு கிட்டே போனால் பம்பர் பூசணிக்காய் மாதிரி வீங்கும்.

கேமரா உயரத்தில் ஒரு சிக்கல் உண்டு. தரை சமமாக இருந்தால், கேமரா எந்த உயரமோ அந்த உயரத்தில்தான் தொடுவானம் வண்டியை வெட்டும். ஒரு மீட்டரில் வைத்தால் கோடு ஹெட்லைட் பக்கம் போகும். வண்டி கம்பீரமாக நிற்கும், ஆனால் கடல் நாடா போலச் சுருங்கிவிடும். சுவர் மேல் ஏறினால் கடல் விரியும், கோடு விண்ட்ஷீல்டைக் குறுக்கே அறுக்கும். கண்ணாடியின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே கோடு வரும்படி வைப்பது எங்கள் வழக்கம்.

சிவப்பு ஏமாற்றும் நிறம். பொது ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரியும். சிவப்புச் சேனல் மட்டும் வழிந்து, கதவின் மடிப்பும் எழுத்தின் விளிம்பும் காணாமல் போயிருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, எக்ஸ்போஷரை முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறையுங்கள். நிறத்தைக் கூட்டும் விவிட் புரொஃபைல் வேண்டாம், கேமரா பதப்படுத்தாத ரா ஃபைல் வேண்டும். போலரைசர் ஃபில்டர் பெயிண்டிலும் கண்ணாடியிலும் பளபளப்பைக் குறைக்கும், குரோமில் பலிக்காது.

கூரை விளக்கு எல்ஈடி என்றால் வேகமான ஷட்டரில் பாதிப் படத்தில் அணைந்தே இருக்கும். ஷட்டரை 1/60 நொடியைவிட மெதுவாக்கி, பத்துப் பதினைந்து படம் பர்ஸ்ட்டில் (தொடர்ச்சியாக) எடுங்கள். சைலன்ட் (எலெக்ட்ரானிக்) ஷட்டரில் பட்டை பட்டையாகக் கோடு விழும், மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். கேமரா மேலேயே ஃபிளாஷ் போடாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ரிஃப்ளெக்டர் டேப் வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்: டேப் வெள்ளையாய் எரியும், வண்டி இருளும். பின்னால் வரும் ஸ்கூட்டர் ஹெட்லைட்டும் இதே வேலையைச் செய்யும்.

அனுமதிக்குத் தீயணைப்பு நிலையத்தின் ஸ்டேஷன் ஆபீசரைப் பாருங்கள். உள்ளே எடுக்க மராத்தியில் ஒரு கடிதம் கொண்டுபோனால் பேச்சு சுலபம். ஊரில் வண்டியை ‘பம்ப்’ (bamb) என்பார்கள், அந்தச் சொல்லிலேயே விசாரிக்கலாம். பொம்பில் காயப்போடும் பெண்களிடம் “மாவ்ஷி, ஃபோட்டோ காடூ கா?” (சித்தி, படம் எடுக்கட்டுமா?) என்று கேட்டுவிட்டு எடுங்கள். மார்வேயில் ஐஎன்எஸ் ஹம்லா கடற்படைத் தளம் இருக்கிறது, மட் கோட்டை விமானப்படை வசம்; அந்தப் பக்கம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புச் சேவை வாரம். வண்டிகளைக் கிட்டே நின்று பார்க்க நல்ல சமயம். 14-ஆம் தேதி மட்டும் அடக்கமாக இருங்கள். 1944-இல் அதே நாளில் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் பலர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரமே. சைரன் ஒலித்தால் கேட்டை விட்டு விலகி நில்லுங்கள், படம் அப்புறம்.

வண்டி முகப்பில் அசோக் லேலண்ட் என்று இருந்தால் எண்ணூர் ஞாபகம் வந்து நாலு படம் கூடுதலாகத்தான் எடுப்போம், அது வேறு விஷயம்.

உப்புத்துளி படிந்த லென்ஸைச் சட்டைத் துணியால் தேய்க்காதீர்கள். மணல் கோடு போட்டுவிடும். முதலில் புளோயரால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட துணி. ஏசி காரிலிருந்து இறங்கும்போது கேமரா ஜிப் பைக்குள்ளேயே அரைமணி நேரம் இருக்கட்டும், இல்லையென்றால் கண்ணாடி வியர்க்கும். டிரைபாட் கால்களை வீட்டுக்கு வந்ததும் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஒரு மாதம் விட்டால் லாக் இறுகிவிடும்.