கீமோ மருந்து கலக்கப் பழகியது

புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்து கலக்கும் அறைக்கு, தாதியான எனக்கு மாற்றம் வந்ததும் அம்மாதான் முதலில் பயந்தா. "உந்த வருத்தம் தொட்டால் ஒட்டுமே பிள்ளை?" புற்றுநோய் ஒட்டாது. ஆனால் அதற்கு ஏற்றுகிற மருந்து தோலாலும் மூச்சாலும் உள்ளே வரும். எனக்கு இருந்த யோசனை அதுதான். அந்த யோசனையோடே பயிற்சியை முடித்து, இப்போது தனியாகக் கலக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு வரப்போகும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் குப்பியையும் ஊசியையும் கண்ணிலேயே காட்டவில்லை. கலப்பிரிவைத்தான், அதாவது உடம்பின் கலங்கள் (செல்கள்) பிரிந்து பெருகுவதைத்தான் படிப்பித்தார்கள். உயர்தரப் பரீட்சைக்குப் பாடமாக்கிய விஷயம், இங்கே என் கையோடும் தோலோடும் சம்பந்தப்பட்டதாகிவிட்டது. புற்றுநோய்க் கலம் ஓய்வில்லாமல் பிரிந்துகொண்டே போகும். சைக்ளோபொஸ்பமைட் என்ற கீமோ மருந்து அதன் டிஎன்ஏ இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடும். பிரிய வழியில்லாமல் கலம் செத்துப்போகும். செக்கச்செவேலென்றிருக்கும் டொக்சோரூபிசின் டிஎன்ஏக்குள் செருகிக்கொள்ளும். எங்கள் முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், கலம் பிரியும்போது டிஎன்ஏயைச் சுமக்கும் நிறமூர்த்தங்களை இருபக்கமும் இழுக்கும் நுண்குழாய்களை உருவாகவே விடாது. நல்ல கலம் எது, கெட்ட கலம் எது என்று இந்த மருந்துகளுக்குப் பிரித்தறியத் தெரியாது. நோயாளிக்கு முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், குருதிக் கலங்களை உண்டாக்கும் என்புமச்சை சோர்ந்து வெண்குருதிக் கலங்கள் குறைவதும் அதனால்தான். நோயாளி அதைப் பொறுப்பது உயிர் தப்ப. கலக்கிற எங்களுக்கோ ஒரு நன்மையும் இல்லை. சைக்ளோபொஸ்பமைட்டே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்குப் பின்லாந்து ஆய்வுகளைச் சொன்னார்கள். 1979இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது ஒன்று: இந்த மருந்துகளைக் கையாண்ட தாதியரின் சிறுநீர், ஆய்வுகூடத்தில் பற்றீரியாவில் மரபணு விகாரத்தை உண்டாக்கியது. 1985இல் இன்னொன்று, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளோடு வேலை செய்த தாதியருக்குக் கரு கலைவது கூடுதல் என்று காட்டியது. பிள்ளை எதிர்பார்க்கிறவர்கள், பாலூட்டுகிறவர்கள் பொறுப்பான சிஸ்டரிடம் சொல்லி வேறு வேலை கேளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை. கேட்பது உங்கள் உரிமை.

என் எண்ணத்தை மாற்றியது சாயப் பயிற்சி. உண்மையான மருந்துக்குப் பதிலாக, யூ.வி. வெளிச்சத்தில் பச்சையாக மின்னும் புளோரசின் கரைத்த தண்ணீரைத் தந்து, வாட்டில் வழக்கமாகச் செய்வதுபோலவே கலக்கச் சொன்னார்கள். ஒரு துளி சிந்தியதாகவும் யாருக்கும் தெரியவில்லை. பிறகு அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடித்தார்கள். குப்பியின் இறப்பர் மூடியைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் பச்சை. இடதுகைப் பெருவிரல் நுனியில், கவுணின் மணிக்கட்டில், மேசை விளிம்பில், பேனையில். ஒருவரும் பேசவில்லை.

காரணத்தைப் பிறகு விளக்கினார்கள். குப்பிக்குள் காற்றை அழுத்தி ஏற்றினால், ஊசியை இழுக்கும்போது மருந்து கண்ணுக்குத் தெரியாத புகாராக வெளியே சீறும். எடுக்கப்போகும் மருந்தின் அளவைவிடக் குறைவாகத்தான் காற்றை விட வேண்டும். ஊசி திருகிப் பூட்டும் சிரிஞ்ச் வேண்டும். மருந்து கலக்கும் பாதுகாப்புக் கபினெட்டுக்குள் காற்று மேலிருந்து கீழே இறங்கி, நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் வெளியேறும். நடுவில் கையை விசுக்கினால் அந்த ஓட்டமே குழம்பிவிடும். பவுடர் இல்லாத கிளவுஸ் இரண்டு சோடி: உள்சோடி கவுண் கைக்கு உள்ளே, வெளிச்சோடி அதற்கு மேலே. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கழற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஸ்பிரிட் தடவுவது கிருமிக்குச் சரி, இந்த மருந்தை அது ஒன்றும் செய்யாது.

முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஃபான் காற்றுக்குக் கீழே, யன்னலோர மேசையில் கலந்தவர்களை எனக்குத் தெரியும். கிளவுஸ் முடிந்தால் வெறுங்கை. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சாமானும் வாங்கிக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

கடைசியில் மருந்தாளரும் சிஸ்டரும் பக்கத்தில் நின்று, கிளவுஸ் போடுவதிலிருந்து கழிவுப் பெட்டி மூடுவது வரை பார்த்தார்கள். இரண்டு பேரும் கையெழுத்து வைத்த பிறகுதான் தனியாக விட்டார்கள்.

பயிற்சியில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று. மருந்து ஏற்றி 48 மணித்தியாலம் வரை நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும். பெட்பான் எடுப்பதும் விரிப்பை அள்ளுவதும் மைனர் ஸ்டாஃப் அக்காமார். அவர்களை ஒரு வகுப்புக்கும் கூப்பிடவில்லை. வீட்டுக்காரர் பாடும் அதுதான். தீவுப் பக்கத்திலிருந்து தகப்பனைக் கூட்டிவந்த பிள்ளை கேட்டாள்: "அப்பான்ர சாரம் தோய்க்கேக்கையும் கிளவுஸ் போடவேணுமோ மிஸ்ஸி?"

"ஓம், ரெண்டு நாளைக்கு. மற்ற உடுப்போட சேர்க்காமல் ரெண்டுதரம் தோயுங்கோ. கிணத்தடியில வேண்டாம், தண்ணி திரும்பக் கிணத்துக்குள்ள போகாத இடமாப் பாருங்கோ. கக்கூசுக்கும் ரெண்டுதரம் தண்ணி ஊத்துங்கோ" என்றேன். இதை ஒரு தாளில் எழுதி, மருந்து ஏற்றி வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரின் கையிலும் இப்போது கொடுக்கிறோம். அடுத்த சாயப் பயிற்சிக்கு மைனர் ஸ்டாஃபையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் சம்மதித்துப் பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறா.