எங்கடை வீட்டிலை எலி இல்லை

பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கிற துறை ஒன்றில் வேலை செய்கிறேன். நியமனக் கடிதத்தில் வேறு ஏதோ பதவி போட்டிருக்கிறது. உண்மையில் நான் பார்ப்பது ‘செய்திகளும் நிகழ்வுகளும்’. கூட்டம் நடந்தால் அதை எழுதுவது, முப்பது படங்களில் எல்லோரும் கண் திறந்திருக்கிற ஒன்றைத் தேடி எடுப்பது, பெயர்களுக்கு முன்னால் வரும் பட்டங்களைப் பிழையில்லாமல் போடுவது. கடைசி வேலைதான் கடினமானது. ஒரு ‘கலாநிதி’ விடுபட்டால் வரும் தொலைபேசி அழைப்பு, ஒரு நோயின் பெயரைப் பிழையாக எழுதினால் வராது.

என் வருடத்துக்குத் தனியான பஞ்சாங்கம் உண்டு. மார்ச் 24 காசநோய் தினம். ஏப்ரல் 7 உலக சுகாதார தினம். மே 31 புகையிலை எதிர்ப்பு தினம். அன்றைக்கு மேடையில் பேசுகிறவர்களிலும் கீழே இருக்கிறவர்களிலும் எத்தனை பேருடைய பாட்டன் பூட்டன் புகையிலைத் தோட்டத்துக் காசில் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள் என்று நான் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பதுண்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை போன சரக்கு. பிறகு நவம்பர் 14 நீரிழிவு தினம். ஒருமுறை அதற்கு வந்தவர்களுக்குக் கேக்கும் சீனி போட்ட பால்தேநீரும் கொடுத்து, அந்தப் படத்தையும் நானே போட்டுவிட்டேன். டிசெம்பர் 1 எய்ட்ஸ் தினத்தோடு வருடம் முடியும்.

இதற்கெல்லாம் கணினியில் ஒரு அச்சு வைத்திருந்தேன். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, ‘நிகழ்வு இனிதே நிறைவுற்றது’. திகதியையும் பெயர்களையும் மாற்றினால் போதும். ஒரு வருடம் திகதியை மாற்றிவிட்டுப் பிரதம விருந்தினரை மாற்ற மறந்துவிட்டேன். வராத ஒருவர் வந்து விளக்கேற்றியதாகச் செய்தி போய்விட்டது. மூன்று நாள் யாருக்கும் அது தெரியவில்லை. நாலாம் நாள் அந்தப் பெரியவரே கூப்பிட்டு, ‘நான் எப்ப வந்தனான்?’ என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார். மூன்று நாள் ஒருவரும் வாசிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் காலத்தில் நான் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று பற்றிய கருத்தரங்கு. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு கிடையாது, குடிப்பது நிலத்தடி நீர்தான். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வெங்காயத் தறைக்குப் போடுகிற உரமும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் வெடிப்பு வழியே இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். திரையில் வரைபடங்கள் வந்து போயின. முடிவில், பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: ‘அப்ப தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடுத்தாப் போகுமோ?’

போகாது. கிருமிதான் கொதியில் சாகும். நைத்திரேற்று அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீர் என்றால் அது சின்ன விஷயமில்லை. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் வலுவை இழந்து உடம்பு நீலம்பாரிக்கும். பேராசிரியர் ஒருவர் அதை நன்றாகவே விளக்கினார். அந்தத் தாயின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவ்வளவு நாளும் தண்ணீரை நன்றாக, கூடுதலாகக் கொதிக்க வைத்திருக்கிறாள்.

நான் எழுதிய செய்தியில் விளக்கேற்றியவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அந்தக் கேள்வி இல்லை.

மலேரியா விஷயமும் அப்படித்தான். 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கும் மேலாக உள்நாட்டில் தொற்றிய மலேரியா இலங்கையில் இருக்கவில்லை. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதே வருடம் டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதன்முதலாகப் பிடிபட்டது. இந்தியாவில் நகரங்களுக்குள் மலேரியா பரப்புகிற இனம், வீட்டுக் கிணற்றில் முட்டையிடும். பிற்பாடு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். வளவுக்கு வளவு கிணறு இருக்கிற ஊருக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது? ஆனால் நுளம்பு பிடிபட்டதற்கு யாரும் விளக்கேற்றுவதில்லை, ஆகவே என் அச்சுக்குள் அது வராது. கிணற்றில் சின்ன மீன் விடுங்கள், குடம்பியைத் தின்றுவிடும் என்ற ஒரு வரியை அப்போதே எழுதியிருக்கலாம். எங்கள் அம்மம்மா யாரும் சொல்லாமலே விட்டிருந்தவர். அவருக்குக் கிணறு துப்புரவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நான் சொல்ல வந்தது 2024 டிசெம்பர்.

நவம்பர் கடைசியில் புயல் மழை. வடக்கு முழுக்க வெள்ளம். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே காய்ச்சல் வந்து ஆட்கள் இறக்கத் தொடங்கினார்கள். சில நாட்களுக்குள் ஏழு பேர் என்று செய்தி வந்தது. முதலில் பத்திரிகைகள் ‘மர்மக் காய்ச்சல்’ என்றன. அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. அது தெற்கத்தை நோய் என்றுதான் இங்கே பலரும் நினைத்திருந்தோம். 2008இல் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தபோதுகூட, அது எங்கேயோ ஈரவலயத்தில் நடப்பது போலத்தான் வாசித்தோம்.

அவசரமாகத் துண்டுப்பிரசுரம் வேண்டும் என்றார்கள். அரை மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் வசனம் எனக்கு இன்னும் பாடம்: ‘லெப்டோஸ்பைரா எனப்படும் சுருளி வடிவ பக்டீரியாவினால் தொற்றுக்குள்ளான விலங்குகளின் சிறுநீரினால் மாசடைந்த நீருடன் ஏற்படும் தொடுகையின் மூலம் பரவும் இந்நோயானது…’ இலக்கணப் பிழை ஒன்றுமில்லை.

அதை எடுத்துக்கொண்டு போக வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வடமராட்சிப் பக்கம் வேலை செய்கிறவர். எங்களுக்கெல்லாம் அண்ணை. மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே வாசித்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

‘தம்பி, இதை வாசிச்சு முடிக்க முதல் காய்ச்சல் வந்திடும்.’

‘என்ன அண்ணை மாத்தவேணும்?’

‘ஏறும், காட்டுறன்.’

அன்று பின்னேரம் ஒரு வயற்கரையில் நின்றோம். காலபோகப் பயிர், வெள்ளத்தில் பாதி சாய்ந்து கிடந்தது. வரம்பில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். எழுபது இருக்கும். அண்ணை என்னைக் காட்டி, ‘இவர் கம்பஸிலையிருந்து வந்திருக்கிறார், எலிக்காய்ச்சலைப் பற்றிச் சொல்ல’ என்றார். சொல்லத் தொடங்கினேன். நான் இரண்டாவது வசனத்துக்குப் போகுமுன் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

‘எங்கடை வீட்டிலை எலி இல்லைத் தம்பி. பூனை ரெண்டு நிக்குது.’

பிழை அவரிலா? எலிக்காய்ச்சல் என்றால் எலி இருக்கிற வீட்டுக்கு வருவது. நாங்கள் வைத்த பெயர் அப்படித்தான் சொல்கிறது. அதைக் கேட்டவுடன் ஆள் தன் அடுப்படியைத்தான் நினைக்கும், தான் நிற்கிற வயலை நினைக்காது. எலி மட்டுமா, மாடும் நாயும்கூட இந்தக் கிருமியைக் காவும். சிறுநீர் கலந்த வெள்ளம் வயலுக்குள் நிற்கிறது, அதற்குள் இவர் காலையிலிருந்து நிற்கிறார்.

அவருடைய கால்களைப் பார்த்தேன். ஊறி வெளிறிப்போயிருந்தன. குதிக்கால் முழுக்க வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் சேறு. வலது கணுக்காலுக்கு மேலே மண்வெட்டி பட்ட ஒரு கீறல், நேற்றோ முந்தாநாளோ பட்டது, ஓரம் வெள்ளையாகத் திறந்திருந்தது. கிருமி உள்ளே போக இதைவிட வாசல் வேண்டாம். அண்ணை கிருமியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குனிந்து அந்தக் கீறலைத் தொட்டு, ‘ஐயா, இதுக்குள்ளாலைதான் அது போறது’ என்றார். பெரியவர் முதல்முறையாகத் தன் காலைப் பார்த்தார்.

‘கால் உழையுதோ?’

‘வயல் வேலை செய்தா உழையாதோ?’

இதுவும் என் பிரசுரத்தில் இல்லாதது. ‘தசைவலி’ என்று எழுதியிருந்தேன். கெண்டைக்கால் உழைவு இந்த நோயின் முக்கியமான அறிகுறி. ஆனால் கமக்காரனுக்கு அது தினமும் வருவது. இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான். அதோடு டிசெம்பர் எங்களுக்கு டெங்குக் காலமும்கூட. காய்ச்சலும் உடம்பு உழைவும் இரண்டுக்கும் பொது. கண் சிவப்பதும் சிறுநீர் குறைவதும் கவனத்துக்கு வருவதற்குள் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகத் தொடங்கியிருக்கலாம். அண்ணை அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: ‘காய்ச்சல் காய்ஞ்சா ஆசுபத்திரிக்குப் போய், நான் வயலுக்கை நிண்டனான் எண்டு நீங்களா முதல் சொல்லுங்கோ. அவையள் கேக்குமட்டும் இருக்காதேங்கோ.’

பிறகு மருந்து. வயலில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்புக்காக டொக்சிசைக்கிளின் கொடுத்தார்கள். 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, வாரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. நான் கெட்டிக்காரத்தனமாக, ‘அப்ப ஒவ்வொரு வெள்ளியும் எண்டு ஞாபகம் வைச்சிருங்கோ ஐயா’ என்றேன்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘வெள்ளிக்கிழமை ஐயா விரதமெல்லோ?’

பெரியவர் தலையாட்டினார். விரதக்காரன் வெறுவயிற்றில் அந்தக் குளிசையைப் போட்டால் வயிறு எரியும், சத்தி வரும். அடுத்த கிழமை தொடமாட்டான். பக்கத்து வயல்காரனையும் தொடவிடமாட்டான். ‘ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுப்போட்டுக் குடியுங்கோ’ என்று அண்ணை சொன்னார். பெரியவர் குளிசைகளை ஒரு பழைய பற்றுச்சீட்டில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பை நனைந்திருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, வெளியே எடுத்துத் தலைப்பாகைக்குள் செருகினார்.

அன்றிரவு திரும்பி வந்து முழுவதையும் அழித்துவிட்டு எழுதினேன். ஏழு வரி வந்தது. ‘வெள்ளம் நின்ற வயலுக்குள் இறங்குகிறீர்களா?’ என்பது முதல் வரி. எலி என்ற சொல் ஐந்தாவது வரியில்தான் வந்தது. புண்ணை மூடிக் கட்டுங்கள், ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டபின் குளிசை, காய்ச்சல் வந்தால் வயலில் நின்றதைச் சொல்லுங்கள், பிள்ளைகளை வெள்ளத்தில் விளையாட விடாதீர்கள். காலையில் காட்டியபோது, நோயின் விஞ்ஞானப் பெயர் இல்லையே என்று ஒருவர் கேட்டார். அடியில் சின்ன எழுத்தில் போட்டேன். ‘உழைவு’ எழுத்துத் தமிழா, ‘நோவு’ என்று மாற்றலாமா என்று இன்னொருவர் கேட்டார். அதை மட்டும் மாற்றவில்லை.

இந்த இடத்தில் மானிப்பாயில் இருந்த கிறீன் வைத்தியரை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் கொஞ்சம் பெரிய கதையாகத்தான் தெரியும். ஆனால் நினைத்தேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்தவர். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாக உருவாக்கினார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர் பிறகு தமிழுக்கு மாறினார். அதற்காக உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழ் நூல்களாக்கினார். ஒவ்வொரு உறுப்புக்கும் நோய்க்கும் சொல் தேட வேண்டியிருந்திருக்கும். அவர் தேடிய சொற்களில் எத்தனை இன்றைக்கு நிற்கின்றன என்பது வேறு விஷயம். எனக்கு அந்த இரவில் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். அதற்கே வயற்கரை வரை போகவேண்டியிருந்தது.

என் அச்சு இன்னும் கணினியில் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. விளக்கேற்றியவர்களின் பெயரை விடவும் முடியாது, அவர்களும் நேரம் ஒதுக்கித்தான் வருகிறார்கள். ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். கூட்டம் முடிந்ததும் படம் எடுக்க முன்னால் ஓடாமல், பின்வரிசையில் போய் இருந்து கேள்விகளைக் கொப்பியில் எழுதுகிறேன். செய்தியின் முதல் பந்தியில் அதில் ஒன்றையாவது, பதிலோடு போடுகிறேன். நைத்திரேற்றுக் கேள்வியைக்கூட ஒரு வருடம் பிந்திப் போட்டேன். அந்தத் தாய் வாசித்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த ஐப்பசியில், விதைப்பு நடந்துகொண்டிருந்த நேரம், ஏதோ ஒரு ஆய்வரங்கின் படங்களில் கண் மூடாதவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணை எடுத்தார். பின்னால் உழவு இயந்திரச் சத்தம்.

‘தம்பி, அந்த ஏழு வரிப் பேப்பர் இன்னும் கிடக்கோ? நூறு அடிச்சு வையும், நாளைக்கு வாறன். திகதியை மாத்தும். ஞாயிற்றுக்கிழமையை மாத்திப்போடாதையும்.’