பி.டெக். ஐ.டி.: கவுன்சலிங்கிலிருந்து ஆஃபர் லெட்டர் வரை

பி.டெக். ஐ.டி. (இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி) எட்டு செமஸ்டர் படிப்பு. ஆனால் வேலைக்கு உங்களைத் தயார்படுத்திக்கொள்ளக் கிடைப்பது நான்கு செமஸ்டர்தான். முதல் இரண்டு செமஸ்டர் பெரும்பாலும் எல்லாக் கிளைக்கும் பொதுவான கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலத்தில் போய்விடும். ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே, சில கல்லூரிகளில் ஆறாம் செமஸ்டர் முடியும் முன்பே, கம்பெனிகள் வரத் தொடங்கிவிடும். மூன்றிலிருந்து ஆறு வரையிலான அந்தக் காலத்தை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறோம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளையும் 2021 ரெகுலேஷனையும் (2021 முதல் சேர்ந்தவர்களுக்கான பாடத்திட்ட, தேர்வு விதிகள்) மனதில் வைத்து எழுதியது இது. புதிதாகச் சேர்பவர்கள் தங்களுக்கான ரெகுலேஷன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேர்க்கை. டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங்) கட்-ஆஃப் 200-க்கு. கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92 + 44 + 45 = 181. இதைவிட முக்கியம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் கிளையையும் பட்டியல் போடுவது. கல்லூரியின் பெயரைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள், கவுன்சலிங் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் தமிழ்நாட்டில் நிறைய. கிண்டி வளாகத்துக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துக்கு 4, கோவை பி.எஸ்.ஜி. டெக்குக்கு 2006, மதுரை தியாகராசருக்கு 5008. கிளையின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்தாலும் அந்த இடத்துக்குக் கட்டணம் கூடும். இதைக் கவனிக்காமல் சாய்ஸ் போட்டுவிட்டு, கட்டணம் கட்டும் நாளில் திணறும் குடும்பங்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.

சாய்ஸ்களை 'எது கிடைக்கும்' என்ற வரிசையில் போட வேண்டாம், 'எது வேண்டும்' என்ற வரிசையில் போடுங்கள். மென்பொருள் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். மேலே ஆசைப்பட்ட கல்லூரியைப் போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுக்கொண்டு சேர்கிறோமா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கிறோமா என்று கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்த பிறகும் சொன்ன நாளுக்குள் கல்லூரியிலோ சேவை மையத்திலோ போய் நிற்காவிட்டால் இடம் போய்விடும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. அதில் வருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழைக் கவுன்சலிங்குக்கு முன்பே தாலுகா அலுவலகம் வழியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சலிங்கில் வரும் இடத்துக்குத்தான் அந்தச் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை.

சி.எஸ்.இ.-யா (கம்ப்யூட்டர் சயன்ஸ்) ஐ.டி.-யா என்று வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு அவ்வளவு அவசியமில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டி.பி.எம்.எஸ். (டேட்டாபேஸ் பாடம்), ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ், நெட்வொர்க்ஸ் இரண்டு பக்கமும் உண்டு. சி.எஸ்.இ. ஐந்தாம் செமஸ்டரில் கம்பைலர் டிசைன் படிக்கும்போது ஐ.டி.-க்கு ஃபுல் ஸ்டாக் வெப் டெவலப்மென்ட் இருக்கும். வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிகள் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்கின்றன. எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வில் ஐ.டி. மாணவர்கள் எழுதுவதும் கம்ப்யூட்டர் சயன்ஸ் தாளைத்தான். கிளைக்காகச் சுமாரான கல்லூரிக்குப் போவதைவிட நல்ல கல்லூரியில் ஐ.டி. எடுப்பது மேல் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

லேப்டாப் வாங்கும்போது திரையின் அளவுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பணம் கொட்ட வேண்டாம். 16 ஜிபி ரேமும் 512 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் போதும். 8 ஜிபி ரேம் முதல் வருடத்துக்குச் சரி. மூன்றாம் வருடத்தில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சுத் திணறும். ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ள முடியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். சில மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

இப்போது மதிப்பெண். தியரி பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வு 100-க்கு நடக்கும். பார்ட் ஏ-இல் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், பார்ட் பி-இல் ஐந்து பதின்மூன்று, பார்ட் சி-இல் ஒரு பதினைந்து. அதை 60-க்குச் சுருக்குவார்கள். பாஸாக மொத்தம் 50 வேண்டும், தேர்வில் தனியாக 45% வேண்டும். இன்டர்னலில் 36 வாங்கியவருக்குத் தேர்வில் 45 எடுத்தால் போதும். இன்டர்னலில் 15 மட்டும் வாங்கியவர் அதே பாடத்தில் 59 எடுத்தாக வேண்டும். பெரும்பாலான அரியர் (பாஸாகாமல் நிற்கும் பாடம்), தேர்வு ஹாலில் விழுவதில்லை, இரண்டு மாதம் முன்பு எழுதாமல் விட்ட இன்டர்னல் தேர்விலும் வைக்காமல் விட்ட அசைன்மென்டிலும் விழுகிறது. வருகைப்பதிவு 75% இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. 65-க்கும் 75-க்கும் நடுவில் என்றால் மருத்துவச் சான்று போன்ற காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம்.

அரியரில் இரண்டு வகை உண்டு, கம்பெனி விளம்பரத்தில் இதைக் கூர்ந்து படியுங்கள். 'ஸ்டாண்டிங் அரியர்' இருக்கக் கூடாது என்றால், எழுதிப் பாஸாகிவிட்ட பழைய அரியர் பிரச்சினை இல்லை. 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' கூடாது என்றால், ஒரு தடவை விழுந்திருந்தாலே வெளியே. முதல் வருடக் கணிதத்தில் விழுந்த ஒரு அரியர் மூன்று வருடம் கழித்துப் பெரிய கம்பெனியின் வாசலில் தடுப்பது இப்படித்தான். பல கம்பெனிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மூன்றிலும் 60% கேட்கும். சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி, 10-க்கு) 7-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான கதவு திறந்திருக்கும். 7-இலிருந்து 9-க்கு ஏற உயிரைக் கொடுப்பதைவிட அந்த நேரத்தை கோடிங்கில் போடுவது பலன் தரும்.

கோடிங் என்றால் என்ன செய்ய வேண்டும்? முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி. லேபில் இருக்கும் புரோகிராம்களை மனப்பாடம் செய்து ரெக்கார்டில் எழுதிப் பாஸாகிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் பாஸாகிறார்கள். மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வரும்போது அங்கேயே நின்றுவிடுவார்கள். லிங்க்டு லிஸ்டைத் தலைகீழாக்கும் புரோகிராமைப் பேப்பரில் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் எந்த பாயின்டர் எதைக் காட்டுகிறது என்று கட்டம் போட்டுப் பாருங்கள். அது கைவந்துவிட்டால் ட்ரீ, கிராஃப் எல்லாம் பயமுறுத்தாது. தினமும் இரண்டு கோடிங் கணக்கு, சனி ஞாயிறு ஒரு முழுத் தேர்வு என்று மூன்றாம் செமஸ்டரில் தொடங்கினால் ஆறாம் செமஸ்டர் முடிவதற்குள் நன்றாகத் தேறிவிடலாம். கடைசி இரண்டு மாதத்தில் இதை ஈடுகட்ட எந்தப் பயிற்சி மையத்தாலும் முடியாது.

டி.பி.எம்.எஸ்.-இல் எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) கையால் எழுதிப் பழகுங்கள். பல இன்டர்வியூக்களில் வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ஊழியர் அட்டவணையில் இரண்டாவது அதிகச் சம்பளம் எது? சம்பளத்தை இறங்குவரிசையில் அடுக்கி, ஒன்றைத் தாண்டி அடுத்ததை எடு என்று பலர் எழுதுவார்கள். முதலிடத்தில் இரண்டு பேர் ஒரே சம்பளம் வாங்கினால் இந்த விடை தப்பு, மறுபடி முதல் சம்பளமே வரும். திரும்ப வரும் மதிப்பை ஒரு தடவை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் சேர்க்க வேண்டும், அல்லது அதிகபட்சத்தைவிடக் குறைந்தவற்றில் அதிகபட்சம் எது என்று கேட்க வேண்டும். 'அட்டவணையில் ஒரே ஒரு வரிதான் இருந்தால்?' என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கும் விடை யோசித்து வைத்திருப்பவரைத்தான் எடுப்பார்கள்.

ப்ராஜெக்டைக் கடையில் வாங்காதீர்கள். காசு கொடுத்தால் ரிப்போர்ட்டோடு சேர்த்துத் தரும் சென்டர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வைவாவில் தப்பித்தாலும் இன்டர்வியூவில் இரண்டே கேள்வியில் வெளிப்பட்டுவிடும். பேருந்து முன்பதிவுத் தளம் செய்தேன் என்று ரெஸ்யூமேயில் போட்டால், பாஸ்வேர்டை எப்படிச் சேமித்தாய் என்று கேட்பார்கள். அப்படியே டேட்டாபேஸில் வைத்தேன் என்றால் அதோடு முடிந்தது. பிகிரிப்ட் (bcrypt) போன்ற ஒன்றால் ஹாஷ் செய்திருக்க வேண்டும் (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றுவது), ஏன் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து, கடைசி ஒரு இருக்கையை ஒரே நொடியில் இரண்டு பேர் அழுத்தினால் என்ன ஆகும் என்பார்கள். அங்கே ட்ரான்சாக்‌ஷன், லாக்கிங் என்று டி.பி.எம்.எஸ்.-இல் படித்த அத்தனையும் வந்து நிற்கும். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் அளவுக்குச் செய்த ஒரே ஒரு ப்ராஜெக்ட், பெயர் மட்டும் இருக்கும் ஐந்தைவிட மதிப்புள்ளது. எழுதிய புரோகிராமை கிட்ஹப்பில் (புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளம்) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரே நாளில் மொத்தமாக ஏற்றினால் யாரோ செய்ததைப் போலத்தான் தெரியும். புரோகிராமை ஏ.ஐ. கருவி எழுதித் தந்திருந்தாலும், ஒவ்வொரு வரியையும் விளக்க வேண்டியவர் நீங்கள்தான்.

சான்றிதழ்களில் என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஆன்லைன் பாடங்கள்) நல்லது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம். 25% அசைன்மென்ட், 75% நேரில் எழுதும் தேர்வு என்பதால் அதற்கு மதிப்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி வகுப்புகள் எப்படியும் பாடத்தோடு வரும், தூங்காமல் கவனியுங்கள். ரெஸ்யூமேயை நிரப்புவதற்காக வாங்கும் ஒரு நாள் வெபினார் சான்றிதழ்களை யாரும் படிப்பதில்லை.

வேலைவாய்ப்பு என்று வரும்போது, மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து தரும் சர்வீஸ் கம்பெனிகள்தான் எண்ணிக்கையில் அதிகம் எடுக்கும். ஒரே கம்பெனியிலேயே அடுக்குகள் உண்டு. டி.சி.எஸ்.-இல் நிஞ்ஜா, டிஜிட்டல், ப்ரைம் என்று தேர்வு மதிப்பெண்ணைப் பொறுத்துப் பிரிப்பார்கள். நிஞ்ஜாவின் ஆண்டுச் சம்பளம் நெடுங்காலமாக 3.36 லட்சம். அதை 12-ஆல் வகுத்து மாதம் 28,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆஃபரில் சொல்லும் அந்தத் தொகை சி.டி.சி., உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் பி.எஃப்.-இல் (வருங்கால வைப்பு நிதி) நிறுவனத்தின் பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் சேர்ந்திருக்கும். உங்கள் பங்கு பி.எஃப்.பும் தொழில் வரியும் பிடித்த பிறகு கைக்கு வருவது குறையும். சென்னையில் வாடகையும் சாப்பாடும் போனால் வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சும் என்பதை ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் கணக்குப் பாருங்கள்.

ஜோஹோ மாதிரி, சொந்த மென்பொருளை உருவாக்கி விற்கும் ப்ராடக்ட் கம்பெனிகளில் கதை வேறு. ஆப்டிட்யூடைவிட கோடிங்குக்கே எடை அதிகம். சில மணி நேரம் உட்காரவைத்து, டாக்ஸி புக்கிங் போன்ற ஒரு முழு கன்சோல் அப்ளிகேஷனைப் படிப்படியாக எழுதச் சொல்வார்கள். இன்பில்ட் ஃபங்ஷனை நம்பிப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். சார்ட்டிங்கை நீங்களே எழுதிப் பழகியிருக்க வேண்டும். கிளாஸ்களைப் பிரித்து எழுதினால் அடுத்த கட்டத்தைச் சேர்ப்பது எளிது. எல்லாவற்றையும் மெயினில் கொட்டினால் மூன்றாம் கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தனியார் வேலை வேண்டாம் என்பவர்களுக்கு பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வில் ஐ.டி. ஆபீசர் பதவி இருக்கிறது. வயது 20 முதல் 30, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நெட்வொர்க்ஸ், டி.பி.எம்.எஸ்., ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் நன்றாகப் படித்தவருக்கு அது பாதி தயாரிப்பு. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால், வேலை கையில் இருந்தாலும் இறுதியாண்டில் எழுதி வைப்பது நல்லது.

வேலை தருகிறோம், பயிற்சிக்கு இவ்வளவு கட்டுங்கள் என்று கேட்டால் விலகிவிடுங்கள். சர்வீஸ் அக்ரிமென்ட் (இவ்வளவு காலம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்று எழுத்தில் பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவைக்கச் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். சரிபார்க்கக் காட்டுவது வேறு, ஒப்படைப்பது வேறு. ஆஃபர் வந்தும் சேரும் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போவது நடந்திருக்கிறது, அதனால் கையில் ஆஃபர் இருந்தாலும் வெளியே தேர்வு எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

கடைசியில் பலரைச் சிக்கவைப்பது இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பான் கார்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் விரித்து 'கார்த்திக் செல்வம்', வங்கிக் கணக்கில் வேறொன்று. பின்னணிச் சரிபார்ப்பில் இவை ஒத்துவராமல் போனால் சேரும் தேதி தள்ளும், பி.எஃப். கணக்கில் ஆதாரோடு பெயர் பொருந்தாமல் நிற்கும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்து ஆதாரை மூன்றாம் வருடத்திலேயே இ-சேவை மையத்தில் திருத்துங்கள். ஆதார் திருத்திய பிறகே பானுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பியுங்கள். வரிசை மாறினால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருத்த வேண்டி வரும்.