உறுதியை யார் வாசிப்பார்? டாகென்ஹாம் வீட்டு நாட்குறிப்பு

6 செப்டம்பர் 2025, சனி

நேற்று மாலை நாங்கள் கேட்ட விலைக்குச் சம்மதம் வந்துவிட்டது. 410,000 பவுண்டு. கிழக்கு லண்டனின் டாகென்ஹாமில், பெகன்ட்ரீ குடியிருப்பில், மூன்று அறை வீடு. முதல் உலகப் போருக்குப் பின் லண்டன் கவுண்டி கவுன்சில் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. வாடகைக்கு இருந்தவரே பின்னாளில் சபையிடமிருந்து வாங்கி, அவரிடமிருந்து கைமாறி இப்போது எங்களிடம் வருகிறது.

சந்தோஷப்பட ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. "உங்கள் சொலிசிட்டர் யார்?" என்று வீட்டு விற்பனை ஏஜென்ட் கேட்டார். வீடு கைமாறும் வேலையைப் பார்க்கும் சட்டத்தரணியைத்தான் கேட்கிறார். இன்னும் இல்லை என்றதும் ஒரு பெயரைச் சொன்னார். அவர்களை எடுத்தால் வேலை வேகமாக நடக்குமாம். அனுப்பி வைப்பதற்கு உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, ஒரு தொகை உண்டு என்றார். எவ்வளவு என்பதை எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்கிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்கு இல்லை.

8 செப்டம்பர், திங்கள்

அப்பாவுக்கு ஒரே எண்ணம்: தமிழ் தெரிந்த சட்டத்தரணியாக இருக்க வேண்டும். ஊரில் காணி வாங்கியபோது, பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டுத் திண்ணையில் இருந்து, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, முழுதாக வாசித்துக் காட்டினாராம். வடக்கெல்லை யாருடையது, கிணற்றில் எத்தனை பங்கு, வழிவாய்க்கால் உரிமை எங்கே போகிறது, எல்லாம் அவர் வாயால் கேட்டுத்தான் அப்பா கையெழுத்து வைத்தார். "இங்கே யார் உனக்கு வாசித்துக் காட்டுவார்கள்?" என்று கேட்டார்.

கேள்வி சரியானது. ஆனால் தமிழ் தெரிந்தால் மட்டும் வாசித்துக் காட்டிவிடுவார்களா? சித்தப்பா ஃபிளாட் வாங்கியபோது சொலிசிட்டர் தமிழர்தான். அந்த ஃபிளாட் நிலத்தோடு சொந்தமாகாமல் ஆண்டுக் கணக்குக் குத்தகையில் வருவது. அந்தக் குத்தகையில் 71 ஆண்டுதான் மிச்சம் என்பது அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரியாகக் கிடந்தது. 80 ஆண்டுக்குக் கீழே போன குத்தகையை நீட்டிக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும் என்று யாரும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சித்தி அந்தப் பக்கத்தை இன்றும் மடித்து வைத்திருக்கிறார். எங்கள் வீடு குத்தகை இல்லை, நிலத்தோடு சொந்தம். ஆனாலும் அந்த மடித்த பக்கம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

11 செப்டம்பர், வியாழன்

மதிய இடைவேளையில் ஐந்து இடங்களுக்குப் பேசினேன். 2018 டிசம்பரிலிருந்து சொலிசிட்டர்கள் இந்த வேலைக்கான கட்டண விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும் என்பதால் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். வீடு கைமாறும் வேலையைச் சொலிசிட்டர் மட்டுமல்ல, அதற்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சரும் செய்யலாம். முதல் வகையினரைச் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதாரிட்டியும், இரண்டாம் வகையினரைக் கவுன்சில் ஃபார் லைசென்ஸ்ட் கன்வேயன்சர்ஸும் கண்காணிக்கின்றன. ஐந்து பெயர்களையும் அந்தப் பதிவேடுகளில் தேடி உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஒன்று உடனே கழிந்தது: எங்களுக்குக் கடன் தரும் வங்கி ஏற்கும் சொலிசிட்டர்கள் பட்டியலில் அவர்கள் இல்லை. அவர்களை எடுத்தால் வங்கிக்காக இன்னொரு சொலிசிட்டருக்கும் நாங்களே கட்ட வேண்டி வரும்.

மிக மலிவானது 649 பவுண்டு. என் கணவர் மகிழ்ந்து போனார். முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கி, இரவு சாப்பாட்டு மேசையில் வைத்துக் கூட்டினோம். முத்திரை வரிப் படிவத்துக்கு 120, வங்கிக் கடன் இருப்பதற்கு 150, அன்பளிப்புப் பணம் ஒவ்வொன்றுக்கும் 75 (அம்மா தருவதும் மைத்துனர் தருவதுமாக இரண்டு), பணம் அனுப்ப 40 வீதம் இரண்டு முறை, ஆள் அடையாளம் பார்க்க எங்கள் இருவருக்கும் 15 வீதம். மொத்தம் 1,179. அதன்மேல் 20 சதவீத வாட் வரி சேர்த்தால் 1,414.80. ரொம்ஃபர்டில் ஒரு சிறிய அலுவலகம் எல்லாம் அடக்கமாக 1,250 சொன்னது; வரியோடு 1,500. வித்தியாசம் 86 பவுண்டுக்கும் குறைவு. வீட்டைப் பற்றிய பதிவுகளைத் தேடி எடுக்கும் தேடல் அறிக்கைகள், நிலப்பதிவுக் கட்டணம், 5,500 முத்திரை வரி எல்லாம் எவரை எடுத்தாலும் தனி.

மலிவானவர்களிடம் "என் கோப்பை யார் பார்ப்பார்?" என்று கேட்டேன். ஒரு குழு பார்க்குமாம். குழுவுக்குத் தொலைபேசி போட்டு யாரைக் கூப்பிடுவது?

13 செப்டம்பர், சனி

இன்று எழுதவேண்டியது அம்மாவின் சீட்டைப் பற்றி.

பணம் எங்கிருந்து வந்தது என்று எந்தச் சொலிசிட்டரும் கேட்பார். கறுப்புப் பணத்தைத் தடுக்கும் சட்டப்படி கேட்டே தீர வேண்டும். எங்கள் பணத்தில் 9,600 பவுண்டு, ஈஸ்ட் ஹாமில் இருபது பேர் சேர்ந்து பிடித்த ஏலச் சீட்டிலிருந்து வந்தது. இதை வீட்டு உறுதி எழுதும்போது ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் மிச்சமிருந்த நான்கு பேரிடமும் முதலிலேயே சொன்னேன். ஒருவர் அப்படிப்பட்ட பணம் வேண்டாம் என்றார். இன்னொருவர் "சேமிப்பு என்று போட்டுவிடுங்கள்" என்றார். பொய் எழுதச் சொல்பவரிடம் என் வீட்டை எப்படிக் கொடுப்பேன்? மூன்றாமவர் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வைத்துவிட்டார்.

ரொம்ஃபர்டுப் பெண்மணி மட்டும் "அது எப்படி நடக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டார். யார் பொறுப்பு, எத்தனை பேர், பணம் வங்கி வழியாகப் போனதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். இன்று காலை அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு நேரே போனோம். அம்மா தன் சிவப்புக் கொப்பியை மேசையில் விரித்தார். மாதம் 500 என்று பேச்சு என்றாலும், கழிவு எல்லோருக்கும் பிரியும்போது ஒரு மாதம் 482, ஒரு மாதம் 470 என்று தொகை மாறும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அம்மாவின் சின்னச் சரி அடையாளம். அந்தப் பெண்மணி பென்சிலால் வங்கிக் கணக்கில் அதே தொகைகளைத் தேடித் தேடித் தொட்டார். எல்லாம் பொருந்தின. சீட்டுப் பிடிப்பவரிடமிருந்து ஒரு கடிதமும், வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அம்மா கையெழுத்திடும் கடிதமும் வேண்டும் என்றார். இரண்டாவதை அம்மாவுக்குத் தமிழில் விளங்கச் சொல்லும்வரை பேனாவைக் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா, "வாசிக்கிற மனுசி" என்றார்.

16 செப்டம்பர், செவ்வாய்

அவரையே நியமித்துவிட்டோம். கையில் எத்தனை கோப்பு, விடுமுறையில் போனால் யார் பார்ப்பார் என்றும் கேட்டேன். இரண்டுக்கும் நேரான பதில் வந்தது. பதில் ஆளின் பெயரும் எழுதித் தந்தார். முதல் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் ஒன்று: அலுவலகத்தின் வங்கிக் கணக்கு இடையில் மாறாது, மாறியதாக மின்னஞ்சல் வந்தால் பணம் அனுப்பாமல் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். திருடர்கள் இப்படித்தான் வீட்டுப் பணத்தை முழுதாக அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

21 அக்டோபர், செவ்வாய்

நகரசபைத் தேடல் அறிக்கை வந்துவிட்டது. மாலை ரொம்ஃபர்டுப் பெண்மணியே கூப்பிட்டார்.

பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை 2011-இல் கட்டியது என்று விற்பவர் படிவத்தில் எழுதியிருக்கிறார். கட்டட விதிப்படி முடிந்தது என்ற சான்றிதழ் சபையில் இல்லை. விற்பவர் பக்கம் ஒரு காப்புறுதி எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள். "சபை நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்குத்தான் அது. கூரை இறங்கினால் ஒரு சதமும் தராது," என்றார். நான் சபைக்குப் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நாமாகச் சபைக்குச் சொல்லிவிட்டால் அந்தக் காப்புறுதியே கிடைக்காமல் போகலாம் என்று தடுத்தார். முதலில் கட்டுமானப் பொறியியலாளரைக் கொண்டு பார்ப்போம், பிறகு விலையைப் பேசலாம் என்பது அவர் யோசனை.

ஏஜென்ட் இன்று மூன்று முறை அழைத்து, இந்த வாரமே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை விற்பவரோடு பரிமாறிக்கொள்ளச் சொன்னார். பரிமாறிக்கொண்டால் 10 சதவீத முற்பணம் எங்கள் கையை விட்டுப் போய்விடும்; அதன்பின் பின்வாங்கினால் அது திரும்பி வராது. அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பொறியியலாளர் வருகிறார். தானும் வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.