சிங்கப்பூரில் முடிந்தது, மதுரையில் முடியவில்லை

எங்கள் கல்யாணம் 2016ல் சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் நடந்தது. தாலி கட்டியதும் அங்கேயே அந்த ஊர்ப் பதிவும் முடிந்தது. இரண்டு பேருமே இந்தியப் பாஸ்போர்ட். நான் வில்லாபுரம், அவர் உசிலம்பட்டிப் பக்கம். 2019ல் நான் மட்டும் மதுரைக்குத் திரும்பிவிட்டேன், காரணம் இங்கே வேண்டாம்.

2022ல் சிங்கப்பூர் கோர்ட்டிலிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்தது. "எதுலயும் கையெழுத்துப் போட்றாத" என்றார் மாமா. நானும் பதில் போடவில்லை, போகவும் இல்லை. எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நான் ஆஜராகாமலேயே, இடைக்காலத் தீர்ப்பு வந்து, மூன்று மாதம் கழித்து இறுதிச் சான்றிதழும் வாங்கிக் கணவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். சரி, விட்டது சனியன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுக்கலாம் என்று கிளம்பியபோதுதான் சிக்கல். தெரிந்த ஒருவர், சிங்கப்பூர் நம்மோடு பரஸ்பர ஒப்பந்தமுள்ள நாடு, அந்தத் தீர்ப்பு இங்கே அப்படியே செல்லும், ஒரு அபோஸ்டில் குத்தி வாங்கினால் போதும் என்றார். கே.கே. நகரில் நான் பார்த்த வக்கீலம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த ஏற்பாட்டுக்கான சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு பணம் வசூலிக்கிற தீர்ப்புகளுக்கு, விவாகரத்துக்கு இல்லை. அபோஸ்டில் முத்திரையோ காகிதம் உண்மை என்று மட்டும்தான் சொல்லும். தீர்ப்பு இங்கே செல்லுமா என்பது வேறு கதை.

அவர் முதலில் கேட்டது, "கோயில்ல சடங்கெல்லாம் முறையா நடந்துச்சாம்மா? போட்டோ இருக்கா?" என்றுதான். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன் (அந்த ஆல்பத்துக்கு அப்படி ஒரு உபயோகம் வரும் என்று யார் கண்டது). இந்து முறைப்படி நடந்த கல்யாணம், இரண்டு பேருக்கும் சொந்த நாடு இந்தியாதான், அங்கே வேலைக்குப் போனவர்கள், அதனால் தாலி எந்த ஊரில் ஏறினாலும் 1955 இந்து திருமணச் சட்டம் கூடவே வரும் என்றார். சடங்கு இல்லாமல் வெறும் பதிவு மட்டும் என்றால் 1969ன் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் வழியாக சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டியிருக்குமாம்.

அப்புறம் 1991ல் உச்ச நீதிமன்றம் நரசிம்ம ராவ் என்ற ஒருவரின் விவாகரத்து வழக்கில் கொடுத்த தீர்ப்பைச் சொன்னார். எந்தச் சட்டப்படி கல்யாணமோ அந்தச் சட்டம் ஒத்துக்கொள்கிற கோர்ட்டும் காரணமும் இருந்தால்தான் வெளிநாட்டு விவாகரத்து இங்கே செல்லும். சிங்கப்பூர் கோர்ட் தன் ஊர்ச் சட்டத்தைத்தான் பார்க்கும். அங்கே விவாகரத்துக்கு அடிப்படை, மணவாழ்க்கை சரிசெய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்பதுதான். நம் சட்டத்தின் 13ம் பிரிவில் கொடுமை, கைவிடுதல் எல்லாம் உண்டு, அந்த முறிவு மட்டும் காரணமாக இல்லை. நான் அங்கே போய் வழக்காடியிருந்தாலோ சம்மதம் என்று எழுதியிருந்தாலோ கதை வேறு. அதாவது மாமா விவரம் தெரியாமல் சொன்னது சட்டப்படி சரியாகிவிட்டது, ஆனால் அதனாலேயே நான் இன்னும் அவர் மனைவிதான். அங்கே அவர் விவாகரத்தானவர், இங்கே நான் கல்யாணமானவள். இந்த நிலையில் இரண்டு பேரில் யாராவது இந்தியாவில் மறுமணம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து இரண்டு நாள் தூக்கமே இல்லை.

மனைவி குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் மதுரை குடும்ப நல நீதிமன்றத்திலேயே, பரஸ்பர சம்மதத்தில், 13பி பிரிவில் போட முடிவு செய்தோம். கணவரிடம் பேசியது என் அத்தான்தான். "ஒரு தடவை முடிஞ்சதுக்கு மறுபடி எதுக்கு?" என்று முரண்டு பிடித்தவர், தன் மறுமணத்துக்கும் இது இடைஞ்சல் என்று புரிந்ததும் லீவு போட்டு வந்தார்.

முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரசப் பேச்சும் தோற்று, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று கோர்ட் விட்டுவிடலாம் என்று 2017ல் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. நாங்கள் பிரிந்தே நாலு வருஷம், குழந்தையும் இல்லை. அதைக் காட்டி மனுப் போட்டோம், கிடைத்தது. இரண்டாவது வாய்தாவுக்கும் அவர் வந்தார். நீதிபதி கேட்டது நாலைந்து கேள்விதான், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்றே வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் ஆறு பிரதி எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர்ச் சான்றிதழையும் தூக்கிப் போடவில்லை, இரண்டும் ஒரே ஃபைலில்தான் இருக்கிறது.